வயலினுக்குள் விழுந்த குச்சி

வெள்ளிக்கிழமை காலை பதினொரு மணி இருக்கும். தேனி பஜாரில் நான் வேலை பார்க்கும் இசைக்கருவிக் கடைக்குள் ஒரு பெண் நீளமான அட்டைப்பெட்டியை இரண்டு கையாலும் அணைத்தபடி வந்தார். வெளியே சாரல். பெட்டி நனையக்கூடாது என்று அதை முந்தானையால் மூடியிருந்தார். அவர் தலையிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

"அக்கா, இத ஒரு தடவ பாத்துச் சொல்லுங்களேன். வயலினு. போன வாரம் வந்துச்சு. சத்தமே எழும்ப மாட்டேங்குது. உள்ள என்னமோ உருளுது."

ஆளைப் பார்த்ததும் எனக்கு அடையாளம் தெரிந்துவிட்டது. மூன்று வாரத்துக்கு முன்னால் ஒரு சனிக்கிழமை வந்து இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருந்தவர். நான்கு வயலினை இறக்கி, ஒவ்வொன்றுக்கும் சுருதி சேர்த்துக் கொடுத்தேன். நன்றாக வாசித்தார். விரல் கொஞ்சம் தயங்கினாலும் பழகிய கை என்பது தெரிந்தது. கடைசியில் ஒன்றைத் தேர்ந்தெடுத்து, உள்ளே ஒட்டியிருந்த மாடல் நம்பரைப் போனில் போட்டோ எடுத்துக்கொண்டார். "வீட்டுல கேட்டுட்டு வாரேன்க்கா" என்று போனவர் திரும்பி வரவில்லை.

இப்போது வந்திருக்கிறார், அதே மாடலோடு. பெட்டியில் ஆன்லைன் கம்பெனியின் டேப்.

என்னைப் பற்றி இங்கே சொல்லிவிடுகிறேன். என் பெயர் மலர்விழி. வீடு அல்லிநகரம். இந்தக் கடையில் இருபத்து நாலு வருஷம். முதலில் பில் போடத்தான் வந்தேன். சர்வீஸ் பார்த்துக்கொண்டிருந்தவர் கோயம்புத்தூர் போன பிறகு, அவர் விட்டுப்போன பெஞ்சும் டூல்ஸும் என்னிடம் வந்தன. கிடார் ஃப்ரெட், ஆர்மோனியம் ரீடு, வயலின் செட்டப் எல்லாம் கெடுத்துக் கெடுத்துத்தான் கற்றுக்கொண்டேன். இந்த வேலைக்குப் புதிதாக வருகிற தம்பி தங்கைகளுக்காக எழுதச் சொன்னபோது, நான் நன்றாகச் செய்த ரிப்பேர்களைத்தான் எழுத நினைத்தேன். எழுத உட்கார்ந்தால் இந்த வயலின்தான் முன்னால் வந்து நிற்கிறது.

நான் சொன்னது

அந்த வருஷம் கடை நிலைமை சரியில்லை. வருவார்கள், தொட்டுப் பார்ப்பார்கள், வாசிப்பார்கள், போனில் விலை பார்ப்பார்கள், போய்விடுவார்கள். கூட வேலை பார்த்த இரண்டு பேர் நின்றுவிட்டார்கள். முதலாளி டேனியல் சார் மெதுவாகப் பேசுகிற மனிதர். அவரே ஒருநாள், "மலரு, இனிமே ஆன்லைன்ல வாங்குனத நம்ம பெஞ்சுல ஏத்தாத. அங்க வாங்கட்டும், அங்கயே சரி பண்ணிக்கட்டும்" என்று சொல்லிவிட்டார். பள்ளிக்கூடம் திறக்கிற மாதமும் ஏமாற்றினால் கடையை மூடிவிடலாம் என்கிற பேச்சும் இருந்தது. எனக்கு அப்போது வயது ஐம்பதைத் தாண்டியிருந்தது. கடை மூடினால் வேறு எங்கே போய் வயலினுக்குப் பிரிட்ஜ் வைப்பேன்?

இதெல்லாம் மனசுக்குள் இருந்தது. அந்தப் பெண் கவுண்டரில் பெட்டியை வைத்ததும் எல்லாம் சேர்ந்து தலைக்கேறியது.

வயலினை எடுத்து ஒரே ஒரு தடவை ஆட்டினேன். உள்ளே கட்டைக் குச்சி உருளும் சத்தம். அடுத்த நொடியே தெரிந்துவிட்டது. சவுண்ட் போஸ்ட் விழுந்திருக்கிறது.

தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். வயலினுக்குள்ளே பென்சில் கனத்தில் ஒரு சின்னக் குச்சி நிற்கும். மேல் பலகைக்கும் அடிப் பலகைக்கும் நடுவில் முட்டுக் கொடுத்தமாதிரி. அதை யாரும் பசை போட்டு ஒட்டுவதில்லை. கம்பி இழுக்கிற அழுத்தத்தில்தான் நிற்கிறது. பார்சலில் அனுப்பும்போது கம்பியைத் தளர்த்தி அனுப்புவார்கள், வழியில் குலுங்கும், குச்சி விழுந்துவிடும். அது இல்லாவிட்டால் வயலின் தகர டப்பா மாதிரிதான் கேட்கும். திரும்ப நிறுத்த எனக்குப் பதினைந்து நிமிடம் போதும். வயலினில் ஒரு குறையும் இல்லை.

"இங்கே ஆன்லைன் பொருள் பார்ப்பதில்லை" என்று நான் சொல்லியிருக்கலாம். முகத்தில் அடித்தமாதிரி இருந்தாலும் அது உண்மையாக இருந்திருக்கும். நான் அதைச் சொல்லவில்லை.

"உள்ள கட்டை விட்டுப்போச்சும்மா. டூப்ளிகேட் மால். இத ஒண்ணும் பண்ண முடியாது. திருப்பி அனுப்பிருங்க."

அவர் முகம் அப்படியே சுருங்கிப்போனது. "சரி பண்ண வழியே இல்லியாக்கா?"

"இல்ல."

பெட்டியைத் திருப்பி மூடும்போது, எந்த ஊரிலிருந்து வந்தது என்று பார்க்க லேபிளைப் படித்தேன். அதில் அவர் பெயரும் விலாசமும் இருந்தன. ஜெயந்தி. உத்தமபாளையம், கோர்ட்டுக்குப் பின்னால் மூன்றாவது தெரு. போன் நம்பரின் பாதியை நட்சத்திரக் குறி போட்டு மறைத்திருந்தார்கள்.

அவர் கடை வாசலில் மழைக்கு ஒதுங்கி நின்று வீட்டுக்காரருக்குப் போன் போட்டார். நான் கேட்க வேண்டுமென்று கேட்கவில்லை. காதில் விழுந்தது.

"அந்தக்காவே சொல்லிட்டாக, இது ஆகாதுன்னு. சாயந்தரம் அஞ்சு மணிக்கு எடுக்க வாராகல்ல, குடுத்துருவோம். இன்னையோட ரிட்டன் முடியுதாம். வேற வரப் பத்து நாளாகும்... அதுக்கு என்ன செய்ய? திங்கக்கெழம ஸ்கூலுக்கு நான் போகலங்க. வயலின் இல்லாம வயலின் டீச்சர் வேலைக்கு எப்படிப் போய் வாசிச்சுக் காட்டுறது? வர முடியலன்னு நாளைக்குப் போன் போட்டுச் சொல்லிருறேன். பரவால்ல விடுங்க. இத்தன வருசம் வேலைக்குப் போகாமத்தான இருந்தோம்."

கடைசி வாக்கியத்தைச் சிரித்துக்கொண்டே சொன்னார். பிறகு பெட்டியை மறுபடி முந்தானையால் மூடிக்கொண்டு பஸ் ஸ்டாண்டு பக்கம் நடந்தார்.

கூப்பிட்டிருக்கலாம். பத்தடிதான். வாய் வரவில்லை. பொய் சொன்ன வாயால் அடுத்த நிமிஷமே உண்மையைச் சொல்ல வெட்கமாக இருந்தது. அவர் தெருமுனை திரும்பும்வரை நின்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

டேனியல் சார்

சார் அன்று போடியில் ஒரு டிரம் செட் இறக்கப் போயிருந்தார். திரும்பி வரும்போது மணி இரண்டரை. அதுவரை நான் ஒரு வேலையும் பார்க்கவில்லை. ஒரு கிடாருக்குக் கம்பி மாற்றுகிறேன் என்று எடுத்து, ஆறாவது கம்பியை ஐந்தாவது முறுக்காணியில் கட்டி வைத்திருந்தேன். டிபன் பாக்ஸைத் திறக்கவே இல்லை.

"என்ன மலரு, ஒடம்புக்கு முடியலியா?"

எல்லாவற்றையும் சொன்னேன். நம்ம கடைக்காகத்தான் சொன்னேன் என்கிற மாதிரி ஆரம்பித்து, பாதியில் அந்தப் பேச்சும் நின்றுபோனது.

சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "ஆன்லைன் மால சர்வீஸ் பண்ணாதன்னுதான் நான் சொன்னேன். பொய் சொல்லுன்னு சொன்னேனா?"

"இல்ல சார்."

"குச்சி விழுந்து கிடக்கும்போது கம்பிய முறுக்குனா மேல் பலகை என்னாகும்?"

அதுதான் என்னையும் காலையிலிருந்து அரித்துக்கொண்டிருந்தது. முட்டு இல்லாத பலகை அழுத்தம் தாங்காது. கம்பியைத் தாங்குகிற பிரிட்ஜின் கீழே அமுங்கும். சில சமயம் வெடித்துவிடும். வாசிக்கத் தெரிந்தவர் வீட்டுக்குப் போய்ச் சும்மா இருப்பாரா? கடைசியாக ஒரு தடவை பார்க்கலாம் என்று முறுக்கத்தானே செய்வார்?

"அதான் சார் பயமா இருக்கு."

"பயந்துக்கிட்டு இங்கன நின்னா? டூல்ஸ எடு. கெளம்பு. கடைய நான் பாத்துக்கிறேன்."

கம்பம் பஸ்

குச்சியை உள்ளே நிறுத்துகிற செட்டர் கம்பி, சின்னக் கண்ணாடி, டார்ச், இரண்டு உபரிக் குச்சி, உப்புத்தாள். பையில் போட்டுக்கொண்டு ஓடினேன். கம்பம் பஸ் கிடைத்தபோது மணி மூன்றேகால். பழனிசெட்டிபட்டி தாண்டும்வரை நன்றாகப் போன பஸ் வீரபாண்டியில் நின்றுவிட்டது. முன்னால் ஏதோ லாரி பஞ்சர். சின்னமனூரில் வாழைத்தார் ஏற்றிய வண்டிகள் வரிசையாக வழியை அடைத்திருந்தன. நான் கண்டக்டரிடம் இரண்டு தடவை கேட்டேன். மூன்றாவது தடவை கேட்டபோது, "யக்கா, பஸ்ஸுக்கு ரெக்க இல்லக்கா" என்றார்.

உத்தமபாளையத்தில் இறங்கும்போது ஐந்துக்குப் பத்து நிமிடம். கோர்ட்டுக்குப் பின்னால் ஒரு பேக்கரிக்காரரிடம் ஜெயந்தி வீடு எது என்று கேட்டேன். அவருக்குத் தெரியவில்லை. "வயலின் வாசிப்பாக" என்றேன். அப்போதும் தெரியவில்லை. "ஆன்லைன்ல நீளமா ஒரு பெட்டி வந்துச்சு" என்றதும் பின்னால் நின்றிருந்த பாய் ஒருவர், "ஜீப்பு முருகேசன் வீடு. ஏலக்காத் தோட்டத்துக்கு ஆள் ஏத்திட்டுப் போவாப்ல. அங்கன பாருங்க, பச்ச கேட்டு" என்று கையைக் காட்டினார்.

பச்சை கேட் முன்னால் ஒரு பைக் நின்றது. பைக்கின் இரண்டு பக்கமும் பார்சல் பை. ரிட்டன் எடுக்க வந்த கூரியர்க்காரர் வாசல்படியில் நின்று பெட்டியை ஸ்கேன் செய்துகொண்டிருந்தார். ஜெயந்தி போனைப் பார்த்து நம்பர் படித்துக்கொண்டிருந்தார்.

"நாலு... ஏழு..."

"ஓடிபி சொல்லாதீங்க!"

நான் கத்திய கத்தலில் பக்கத்து வீட்டு நாய் குரைத்தது. கூரியர்க்காரர் என்னை மோசடிக்காரியைப் பார்ப்பதுபோல் பார்த்தார். உள்ளேயிருந்து ஜெயந்தியின் வீட்டுக்காரர் முருகேசன் கையைத் துடைத்துக்கொண்டே வந்தார்.

எனக்கு மூச்சு வாங்கியது. சுற்றி வளைக்காமல் சொல்லிவிட்டேன். "காலையில நான் பொய் சொன்னேன்மா. இது டூப்ளிகேட் இல்ல. கட்டை விடல. உள்ள ஒரு குச்சி விழுந்து கிடக்கு, அவ்வளவுதான். எங்க கடையில வாசிச்சுப் பாத்துட்டு வெளிய வாங்கிட்டீங்கங்கிற ஆத்திரத்துல சொல்லிட்டேன். தப்பு. சரி பண்ணிக் குடுக்க வந்திருக்கேன்."

ஜெயந்தி போனைக் கீழே இறக்கினார். முருகேசன்தான் பேசினார்.

"காலையில இருந்து அந்த ஆன்லைன்காரன வஞ்சுக்கிட்டு இருக்கேன். பொய் சொன்னது நீங்களா? இவ மத்தியானம் சோறு திங்கல, தெரியுமா ஒங்களுக்கு?"

"தெரியாதுங்க. சொல்லுங்க, கேட்டுக்கிறேன்."

"காலையில ஆகாதுன்னீக. இப்ப ஆகும்ங்கிறீக. எத நம்புறது?"

கூரியர்க்காரர் கடிகாரத்தைப் பார்த்தார். "யண்ணே, குடுக்கிறீகளா, கேன்சல் போடவா? இன்னைக்குத்தான் கடைசி நாளு. கேன்சல் போட்டா மறுபடி ரிட்டன் ஓபன் ஆகாது. எனக்கு இன்னும் பதினாலு வீடு இருக்கு."

வயலினில் வேறு கோளாறு இருந்து, நான் கேன்சல் செய்ய வைத்தால், அந்த வீட்டுக்கு வயலினும் இல்லை, பணமும் இல்லை. காலையில் நான் ஒழுங்காகப் பரிசோதிக்கக்கூட இல்லை. ஒரு தடவை ஆட்டியதோடு சரி. அதனால் கூரியர்க்காரரிடமே கெஞ்சினேன். "தம்பி, பக்கத்துத் தெருவ முடிச்சிட்டு வாங்களேன். இருவது நிமிசம். நான் பாத்து முடிச்சிருவேன். அதுக்கப்புறம் இவுக என்ன சொல்றாகளோ அதச் செய்ங்க."

அவர் ஜெயந்தியைப் பார்த்தார். ஜெயந்தி மெதுவாகத் தலையசைத்தார். "இருவதே நிமிசம்" என்று பைக்கை எடுத்தார்.

இருபது நிமிடம்

முன் அறையில் பாயை விரித்து உட்கார்ந்தேன். வயலினைக் கையில் வாங்கினேன். நான்கு கம்பியும் முழு இறுக்கத்தில் இருந்தன.

"மத்தியானம் ஒருக்கா முறுக்கிப் பாத்தேன்க்கா" என்றார் ஜெயந்தி. நான் அங்கே போனதிலிருந்து அவர் என்னிடம் பேசிய முதல் வார்த்தை அதுதான்.

கம்பிகளைத் தளர்த்தி, பிரிட்ஜை எடுத்தேன். டார்ச் அடித்து மேல் பலகையைச் சாய்த்துப் பார்த்தேன். பிரிட்ஜ் கால் இருந்த இடத்திலிருந்து மயிர் மாதிரி ஒரு கோடு ஓடியது. வெடிப்பா? பாலிஷில் விழுந்த கீறலா? அந்தக் கோடு வெடிப்பாக இருந்தால் அது நான் சொன்ன பொய்யால் வந்தது.

கோட்டின் இரண்டு பக்கமும் விரலால் லேசாக அழுத்தினேன். வெடிப்பாக இருந்தால் ஒரு பக்கம் இறங்கும். இறங்கவில்லை. மேல் பலகையிலுள்ள எஃப் ஹோல் என்கிற துளை வழியாகக் கண்ணாடியை விட்டு உள்பக்கம் பார்த்தேன். மரம் சுத்தமாக இருந்தது. பிரிட்ஜ் நகர்ந்து பாலிஷில் இழுத்த கீறல்தான்.

"பலகைக்கு ஒண்ணும் ஆகல" என்றேன்.

வயலினைக் கவிழ்த்துக் குலுக்கியதும் குச்சி எஃப் ஹோல் வழியாகப் பாயில் விழுந்தது. முருகேசன் குனிந்து எடுத்து விரலில் உருட்டிப் பார்த்தார். "இதுவா? இதுக்கா இம்புட்டு?"

குச்சியைச் செட்டரில் குத்தி உள்ளே விட்டு நிறுத்தினேன். விழுந்தது. மறுபடி விட்டேன். விழுந்தது. கடையில் பெஞ்சு உயரத்தில் செய்கிற வேலை. தரையில் உட்கார்ந்து கை வளைய மறுத்தது. மூன்றாவது தடவை ஜெயந்தியே வயலினை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். முருகேசன் டார்ச் அடித்தார். குச்சி நின்றது. செட்டரின் மறுமுனையால் சின்னச் சின்னதாகத் தட்டி இடத்துக்குக் கொண்டுவந்தேன். பிரிட்ஜ் வைத்துக் கம்பியைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றினேன்.

அந்த நேரத்தில்தான் ஜெயந்தி மறுபடி பேசினார்.

"அக்கா, அன்னைக்குப் போட்டோ எடுத்தது இவுககிட்டக் காட்டத்தான். ஒங்க கடையிலதான் வாங்கணும்னு இருந்தேன். இவுக எனக்குத் தெரியாமப் போன்ல புக் பண்ணிட்டாக."

முருகேசன் டார்ச்சை அணைத்தார். "இவ மதுரையில காலேஜ்ல படிச்சது வயலினு. கல்யாணத்துக்கப்புறம் அது அப்படியே நின்னுபோச்சு. திடீர்னு கையில குடுத்தா சந்தோசப்படுவான்னு நெனச்சேன். இதுல குச்சி கிச்சியெல்லாம் இருக்கும்னு நான் என்னத்தக் கண்டேன்?"

நான் தலையைக் குனிந்துகொண்டு சுருதி சேர்த்தேன். அவர்கள் என்னை ஏமாற்றிவிட்டதாகக் காலையிலிருந்து மனதுக்குள் வைத்துப் பொருமிக்கொண்டிருந்தேனே, அப்படி ஒன்று நடக்கவே இல்லை.

வயலினை ஜெயந்தியிடம் கொடுத்தேன். அவர் தரையில் உட்கார்ந்து, வில்லுக்கு ரோசின் பிசின் தேய்த்து, கீழ்க் கம்பியில் ஒரே ஒரு இழுப்பு இழுத்தார். அறை முழுக்கச் சத்தம் நிறைந்தது. வில்லை எடுத்துவிட்டு வயலினைப் பார்த்தார். மறுபடி இழுத்தார். பிறகு ஒரு வர்ணத்தைத் தொடங்கினார். நடுவில் ஓர் இடத்தில் தடுமாறி, நாக்கைக் கடித்து, அந்த வரியை மறுபடி பிடித்தார். முருகேசன் சுவரில் சாய்ந்து நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டார். நான் பார்த்ததைத் தெரிந்துகொண்டு, "மழச்சாரலு" என்றார். சாரல் நின்று வெகு நேரமாகியிருந்தது.

பைக் சத்தம் கேட்டது. கூரியர்க்காரர் வாசலில் நின்று கொஞ்சம் கேட்டார். பிறகு, "அப்ப கேன்சல் போட்டுரவாக்கா?" என்றார்.

ஜெயந்தி என்னைப் பார்த்தார். "போடச் சொல்லலாமாக்கா?"

காலையில் பொய் சொன்னவளிடம் கேட்கிறார். பதில் சொல்வதற்கு முன்னால் இன்னொரு தடவை டார்ச் அடித்துக் குச்சியையும் கழுத்து ஒட்டியிருக்கும் இடத்தையும் பார்த்தேன். "போடச் சொல்லுங்க. நல்ல வயலின்" என்றேன்.

முருகேசன் காப்பி போட்டுக் கொடுத்தார். சர்க்கரை அதிகம். இரண்டு டம்ளர் குடித்தேன். அன்று காலையிலிருந்து என் வயிற்றுக்குள் போனது அதுதான். பஸ் ஏறித் தேனி வரும்வரை நன்றாகத் தூங்கினேன்.

அதற்குப் பிறகு

செவ்வாய்க்கிழமை கடைக்குப் போன் வந்தது. வாரத்தில் மூன்று நாள் வகுப்பு, அடுத்த வாரமே சேரச் சொல்லிவிட்டார்கள் என்றார் ஜெயந்தி. பெரியவர்கள் மூன்று பேர் முன்னால் உட்கார்ந்திருந்தார்களாம், பயத்தில் வர்ணத்தை வேகமாக வாசித்துவிட்டாராம், அதையே அவர்கள் திறமை என்று நினைத்துக்கொண்டார்களாம். சிரித்துக்கொண்டே சொன்னார். இந்தச் சிரிப்பு வேறு மாதிரி இருந்தது.

டேனியல் சார் தன் உத்தரவை அவராகவே மாற்றிவிட்டார். இப்போது எங்கள் பெஞ்சில் பாதி ஆன்லைனில் வந்த கருவிகள்தான். பெட்டியோடு வருகிறார்கள். செட்டப் செய்து, சுருதி சேர்த்து, எப்படி வைத்துக்கொள்வது என்று சொல்லிக் கொடுத்து அனுப்புகிறோம். கூலி வாங்கிக்கொள்கிறோம். கடை ஓடுகிறது. பெரிதாக ஓடவில்லை. மூடுகிற பேச்சு இல்லை.

போன மாதம் பழனிசெட்டிபட்டியிலிருந்து ஒரு சர்ச்சின் பெரியவர் புதுக் கீபோர்டு கொண்டுவந்தார். ஆன்லைனில் வாங்கியது. நடுவில் மூன்று கட்டை அழுத்தினால் சத்தம் வரவில்லை. திறந்து ஒரு மணி நேரம் பார்த்தேன். தூசியா, ரப்பரா, கனெக்டரா என்று ஒவ்வொன்றாகக் கழித்துக்கொண்டே வந்தேன். கடைசியில் சர்க்யூட் போர்டில்தான் கோளாறு.

"இது என்னால சரி பண்ண முடியாதுங்கய்யா. தேதி முடியுறதுக்குள்ள திருப்பி அனுப்பிருங்க" என்றேன்.

அவர் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. "நீங்க சொன்னா சரிதாம்மா" என்று பெட்டியைக் கட்டிக்கொண்டு போனார். எனக்கு அன்று சாப்பாடு நன்றாக இறங்கியது.

வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு இதைத்தான் சொல்ல முடியும். கொண்டுவந்தவர் மேல் ஆயிரம் கோபம் இருக்கலாம். வேலையை எடுக்க மாட்டேன் என்றுகூடச் சொல்லலாம். கருவியில் என்ன கோளாறு என்று கேட்டால் மட்டும் உள்ளதைச் சொல்லுங்கள். அவருக்கு உள்ளே பார்க்கத் தெரியாது. தெரிந்தவர் நாம் என்று நம்பித்தான் நம் கையில் கொடுக்கிறார்.